பன்னிரண்டாம் குழியில் ஆறு

வைத்தீஸ்வரன் முப்பத்தொரு வருஷம் ஒரு கோல்ஃப் கிளப்பில் வேலை பார்த்தார். ஒருநாள்கூட மட்டையைக் கையில் பிடித்ததில்லை. மட்டையை விடுங்கள், அந்த மைதானத்துப் புல்லில் கால் வைத்ததுகூட ஒரே ஒரு தடவைதான். செம்பூரில் இருக்கிறது அந்த கிளப். பெயர் வேண்டாம், அவர்களுக்கே இந்தப் பேச்சு இப்போது பிடிப்பதில்லை. அதன் பின்புறத்தில், ஆட்டக்காரர்களின் பை தூக்கும் கேடிகள் உட்காரும் கொட்டகைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, ஒற்றை ஜன்னல் வைத்த அறை அவருடையது. ஜன்னலுக்குக் கீழே வெளிச்சுவரில் ஒரு மரப்பெட்டி. ஆட்டம் முடிந்தவர்கள் தங்கள் கார்டை அதன் வாயில் போட்டுவிட்டுப் போவார்கள். வைத்தி அதைத் திறந்து, பாயிண்ட் கூட்டி, யாருடைய ஹேண்டிகேப் ஏறியது, யாருடையது இறங்கியது என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்.

கல்யாணமான புதிதில் மனைவி அபயாம்பாள், "என்னதான் வேலை பாக்கறேள் அங்கே?" என்று கேட்டபோது அவர் இப்படிச் சொன்னார்: "நீயும் நானும் ஸ்டேஷன் பாலம் ஏறி வண்டியைப் பிடிக்க ஓடறோம்னு வெச்சுக்கோ. எனக்கு முழங்கால் வலி. உனக்கு முன்னாடி பத்துப் படி மேலே என்னை நிறுத்திட்டு ஓடச் சொன்னா, பந்தயம் சமம். அந்தப் பத்துப் படிக்குப் பேருதான் ஹேண்டிகேப்."

"முழங்கால் வலின்னு பொய் சொன்னா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் என்னை உக்கார வெச்சிருக்கா."

திலக் நகரின் இரண்டு அறை வீட்டில் முப்பது வருஷமாக அபயாம்பாளுக்குக் கணவனின் உத்தியோகம் பற்றி அவ்வளவுதான் தெரியும். நமக்கு இன்னும் கொஞ்சம் தெரிந்தாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், கஷ்டமில்லை.

நல்ல ஆட்டக்காரன் ஒரு குழியை நாலு அடியில் முடிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருபத்து நாலு ஹேண்டிகேப் உள்ளவருக்குப் பதினெட்டுக் குழியிலும் குழிக்கு ஒரு அடி சலுகை. இருப்பதிலேயே கடினமான ஆறு குழிகளில் இன்னும் ஒன்று. அவர் அடித்ததில் சலுகையைக் கழித்துப் பார்க்கும்போது நாலு வந்தால் இரண்டு பாயிண்ட். மூன்றே வந்தால் மூன்று பாயிண்ட். ஐந்து வந்தால் ஒன்று. அதற்கும் மேலே போனால் பூஜ்யம், பந்தைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த குழிக்கு நடையைக் கட்டலாம். ஆக, குழிக்கு இரண்டு வீதம் முப்பத்தாறு எடுத்தால், மனுஷன் தன் யோக்கியதைக்கு ஆடினான் என்று அர்த்தம். வைத்திக்கு இந்த முறையில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு குழியில் மண்ணைக் கவ்வினாலும் அவமானம் அந்தக் குழியோடு போய்விடும்.

கார்டில் ஒரு வழக்கம். நம் கார்டை நாம் எழுதுவதில்லை. கூட ஆடுகிறவர் எழுதுவார். அவர் நமக்கு மார்க்கர். அவருடைய கார்டு நம் கையில், அவருக்கு நாம் மார்க்கர். ஆனால் கையிலிருக்கும் அந்தக் கார்டின் ஓரத்தில் ஒரு ஒல்லிக் கட்டம் உண்டு. அதில் நம்முடைய அடிகளை நாமே குறித்துக்கொண்டு வரலாம். முடிவில் அதையும் மார்க்கர் எழுதியதையும் ஒத்துப் பார்த்து, சரி என்றால் நம் கார்டில் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தில்லாத கார்டு வெறும் காகிதம்.

நிறைய மெம்பர்கள் இதற்கெல்லாம் மெனக்கெடுவதில்லை. ஆட்டம் தொடங்குமுன்னேயே கையெழுத்தைப் போட்டுக் கார்டை மாற்றிக்கொள்வார்கள். அதனால் ஒத்துப் பார்க்கிற வேலையும் வைத்தியின் தலையில் விழுந்தது. ஜோடி ஜோடியாகக் கார்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒல்லிக் கட்டத்தோடு ஒப்பிட்டு, பச்சை மசியில் ஒரு டிக். வைத்தி டிக் போட்டால் கிளப்பில் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பெரிய பெரிய ஆபீசர்கள் அவரிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறார்கள். அவருக்கென்று இருந்த சொத்து அந்த டிக் ஒன்றுதான்.

ஜெயராம் மட்டும் முன்கூட்டிக் கையெழுத்துப் போடமாட்டார்.

மாட்டுங்காக்காரர். பூர்வீகம் பாலக்காடு. டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தொன்று. மனைவி இல்லை, வந்தனா என்று ஒரே பெண். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஆடினார், ஒரு கோப்பைகூட ஜெயித்ததில்லை. "பாக்காத கணக்குக்கு எப்படி வைத்தி கையெழுத்துப் போடறது?" என்பார். ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு குழியாக விரல் வைத்துப் பார்த்து, கடைசியில் தமிழில் கையெழுத்திட்டுப் பெட்டியில் போடுவார். அப்புறம் ஜன்னலில் முகத்தைக் கொண்டுவந்து வைத்து, "எத்தனை, வைத்தி?" என்பார். எத்தனை என்று அவருக்கே தெரியும். ஆனாலும் வைத்தி கூட்டிச் சொல்ல வேண்டும்.

"இருபத்தொம்போது, சார்."

"போறது போ. அடுத்த வாரம் பாக்கலாம்."

நேந்திரங்காய் வறுவல் பொட்டலம் ஒன்று ஜன்னல் வழியாக உள்ளே வரும். இருவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. ஆனால் வைத்திக்கு அந்த ஊரில் சிநேகிதர் என்று சொல்லிக்கொள்ள அந்த ஜன்னல் முகம்தான் இருந்தது.

டிசம்பர் முதல் ஞாயிறு, மாதக் கோப்பைக்கான ஆட்டம். பதினாறாவது குழியை முடித்துப் பதினேழுக்கு நடந்துபோகும்போது ஜெயராம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்து போன பிறகு, அன்று அவருடன் ஆடிய ரெனால்ட் என்ற மெம்பர் இரண்டு கார்டுகளையும் கையோடு கொண்டுவந்து வைத்தியின் மேஜையில் வைத்தார். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

வைத்திக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு கூட்டினார். பதினாறு குழியில் முப்பத்தெட்டு. மறுபடி கூட்டினார். முப்பத்தெட்டேதான். ஆடாத இரண்டு குழிக்கும் பூஜ்யம் போட்டாலும் முப்பத்தெட்டு நிற்கும். அதற்கு அடுத்தபடியாக ஃபர்ஸானா என்ற பல் டாக்டர் முப்பத்தேழு. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மனுஷர் ஜெயித்திருக்கிறார், அதை ஜன்னலில் வந்து கேட்க ஆள் இல்லை.

அந்த நேரத்தில் கிளப் கேப்டன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. ஹிந்தியில் கேட்டது ஒரே கேள்வி: ஜெயராமின் கார்டில் கையெழுத்து இருக்கிறதா?

கார்டு வைத்தியின் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. கையெழுத்துக்கான கோடு காலி.

"இருக்கு சார்," என்றார் வைத்தி.

கேப்டன் தலையை ஆட்டிவிட்டுப் போனார். எல்லோரையும்போல இவரும் முன்னாலேயே போட்டுவிட்டிருப்பார் என்று நினைத்திருக்க வேண்டும். ஜெயராம் அப்படிச் செய்கிறவர் இல்லை என்பது வைத்தி ஒருவருக்குத்தான் தெரியும். இருபத்திரண்டு வருஷம் பார்த்த கையெழுத்து, தமிழ்க் கையெழுத்து. அந்த கிளப்பில் அதை அடையாளம் காணக்கூட ஆள் கிடையாது. பேனாவை எடுத்தார், போட்டார். பக்கத்திலேயே ரெனால்டின் கார்டு கிடந்தது. அதன் ஒல்லிக் கட்டத்தோடு ஒப்பிட வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அதைச் செய்யவில்லை. இரண்டையும் டிசம்பர்க் கார்டுக் கட்டோடு சேர்த்து, ரப்பர் பேண்டு மாட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

கூடத்துப் பலகையில் ஜெயராமின் பெயரைத் தங்க எழுத்தில் எழுதினார்கள். வந்தனா வந்து கோப்பையை வாங்கிக்கொண்டு அழுதாள். கை தட்டியவர்களும் அழுதார்கள். வைத்தி ஓரமாக நின்று தட்டினார். தான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்று அன்று அவர் நிஜமாகவே நம்பினார்.

அடுத்த ஞாயிறு பெட்டியைத் திறந்தார். நாற்பத்திரண்டு கார்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று, ஈரமாக. பெயர், ஜெயராம். ஹேண்டிகேப், இருபத்து நாலு. பதினேழு கட்டங்கள் காலி. பன்னிரண்டாவது குழியில் மட்டும் பென்சிலால் ஓர் ஆறு. கையெழுத்துக் கோடு வெறுமையாக இருந்தது.

கேடிகளில் எவனோ விளையாடியிருக்கிறான் என்று கோபம்தான் வந்தது. சுக்குநூறாகக் கிழித்துப் போட்டார். மறுவாரமும் அதே கார்டு. அதே ஆறு. இந்தத் தடவை ஒரு புல்லும் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் சொந்தப் பூட்டு ஒன்றை வாங்கிவந்து பெட்டிக்குப் போட்டு, சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார். அபயாம்பாள் அதைப் பார்த்து, "என்ன பொக்கிஷம் வெச்சிருக்கேள்?" என்று சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவரைக் கலக்கியது கார்டு வந்ததுகூட இல்லை. அது கிடந்த இடம். சனிக்கிழமை சாயங்காலம் பெட்டியைக் காலி செய்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார். ஞாயிறு காலை முதலில் போட்டவர் கார்டு அடியில் இருக்கும், அடுத்தடுத்தது அதன் மேலே. இந்தக் கார்டு எப்போதும் அடியில். காலை ஆறரைக்கு முதல் ஜோடி கிளம்பி, அவர்கள் திரும்புவதற்கே பத்தரை ஆகிற இடத்தில், அவர்களுக்கும் முன்னால் யாரோ ஆடி முடித்துக் கார்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் குழி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று வைத்திக்குத் தெரியாதா? அலமாரி மூன்றடி தூரம். கட்டை அவிழ்த்து ஜெயராமின் கார்டில் பன்னிரண்டைப் பார்த்து, ரெனால்டின் கார்டில் ஒல்லிக் கட்டத்தைப் பார்த்தால் தீர்ந்தது. அதைத்தான் அவர் செய்யவில்லை. பயம், வேறென்ன? மார்ச் முப்பத்தொன்றோடு அவர் ரிட்டயர் ஆகிறார். பாராட்டு விழாவுக்குப் பேச்செல்லாம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். 'ஒரு பொய்க் கார்டுகூட இவர் ஜன்னலைத் தாண்டியதில்லை' என்று பேச்சில் வருகிறதாம், கேப்டனே சொன்னார். கட்டை அவிழ்த்தால் அந்தப் பேச்சு போகும். பலகையில் தங்க எழுத்து போகும். வந்தனா வீட்டிலிருந்து கோப்பையும் போகும்.

இன்னொன்றும் அவரை அரித்தது. ஹேண்டிகேப் என்பது ஒருவரின் கடைசி இருபது ஆட்டங்களில் சிறந்த எட்டின் சராசரியிலிருந்து வருவது. புது ஆட்டம் ஒன்று உள்ளே வந்தால் மிகப் பழையது ஒன்று வெளியே போகும். உயிரோடு இருக்கிறவன் பொய்க் கார்டு கொடுத்தாலும் இருபது ஆட்டம் கழிந்தால் அது தானாகக் கழன்றுவிடும். செத்தவனின் இருபது அப்படியே நிற்கும். ஜெயராமின் இருபதில் கடைசியாக நிற்பது வைத்தி கையெழுத்துப் போட்ட கார்டு. அதைத் தள்ளிவிட இனி ஒரு கார்டும் வராது.

வந்துகொண்டுதான் இருந்தது. ஜனவரி முடிவதற்குள் ஏழு. நாலாவதிலிருந்து அவர் கிழிப்பதை விட்டுவிட்டார். மேஜை இழுப்பறையில் அடுக்கினார். இரண்டு நாளில் காய வேண்டிய காகிதம் காயவேயில்லை. இழுப்பறையைத் திறந்தால் வெட்டிய புல்லின் வாசனை வரும்.

எட்டாவது ஞாயிறு அவர் ஒரு முடிவோடு கிளம்பினார். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, ஐந்தரைக்கு நாற்காலியைக் கொண்டுபோய்ப் பெட்டிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். இன்னும் விடியவில்லை, கொட்டகை விளக்கின் வெளிச்சம்தான். சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து எப்போதும் வரும் எண்ணெய் வாடை. மைதானத்தின் மேல் பனியும் புகையும் கலந்து மரங்களின் இடுப்புவரை நின்றன. கொட்டகையில் ஒரு கேடிகூட வந்து சேரவில்லை. அவர் பெட்டியின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முதலில் தூரத்தில் 'டொக்' என்று ஒரு சத்தம். பந்தில் மட்டை பட்ட சத்தம். முப்பத்தொரு வருஷம் கேட்ட காதுக்கு அதில் சந்தேகம் வராது. இந்த இருட்டில் யார் ஆடுவார்கள்? கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டொக்', பக்கத்தில். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஆணி பதித்த ஷூ சிமெண்டுத் தரையில் வைக்கிற அடி, கரக், கரக் என்று, அவசரமில்லாமல். வயசான ஒருவர் வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை. அந்த நடையை வைத்திக்குத் தெரியும். அது அவர் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றது.

அங்கே யாரும் இல்லை. சத்தியமாக யாரும் இல்லை. பெட்டிக்குள் ஒரு கார்டு விழுகிற மெல்லிய ஓசை மட்டும் கேட்டது.

"சார்," என்றார் வைத்தி. குரல் வெளியே வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. நல்ல வெளிச்சம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் பெட்டியைத் திறந்தார். ஒரே கார்டு. பன்னிரண்டில் ஆறு. கையெழுத்துக் கோடு காலி. அந்தக் காலியான கோட்டைப் பார்க்கும்போது அவருக்குத் தன் வலது கையை எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டும்போல் இருந்தது.

உள்ளே போனார், அலமாரியைத் திறந்தார், டிசம்பர்க் கட்டை அவிழ்த்தார். ஜெயராமின் கார்டில் பன்னிரண்டுக்கு ரெனால்ட் எழுதியிருந்தது ஐந்து. கடினமான குழி, இரண்டு அடி சலுகை, அதனால் மூன்று பாயிண்ட். ரெனால்டின் கார்டில், ஓரத்து ஒல்லிக் கட்டத்தில், ஜெயராமின் பென்சில் எழுத்து தெளிவாக இருந்தது. பன்னிரண்டில் ஆறு. அதைச் சுற்றி ஒரு வட்டம்கூடப் போட்டிருந்தார், முடிவில் மறக்காமல் சொல்ல வேண்டும் என்று.

ஆறு என்றால் இரண்டு பாயிண்ட். மொத்தம் முப்பத்தேழு. ஃபர்ஸானாவோடு சமம். சமமானால் கடைசி ஒன்பது குழியில் யார் கூடுதல் என்று பார்ப்பார்கள். ஜெயராமுக்கு அங்கே இரண்டு பூஜ்யம். கோப்பை ஃபர்ஸானாவுக்குத்தான். ஜெயராம் பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை மாட்டியிருந்தால் அவரே ஐந்தை அடிக்கச் சொல்லி ஆறு என்று போடவைத்திருப்பார், சிரித்துக்கொண்டே. சரிபார்க்க விடாமல் அவர் கையெழுத்தைத் தான் போட்டுவிட்டோம் என்பது வைத்திக்கு அப்போதுதான் உறைத்தது.

ஜெயராமின் பையை எப்போதும் தூக்குகிறவர் கணேசபாண்டியன், தாராவிக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். கொட்டகைக்கு வந்ததும் வைத்தி அவரைக் கூப்பிட்டார். "பாண்டி, அன்னிக்குப் பன்னண்டாவதுல என்ன ஆச்சு?"

கணேசபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வாங்க சார், காட்டுதேன்."

அப்படித்தான் முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு வைத்தி அந்தப் புல்லில் கால் வைத்தார். செருப்பு நனைந்தது. பனி இன்னும் கலையவில்லை. பின்பக்கமாகக் குறுக்கே நடந்தார்கள். பன்னிரண்டாவதில் இடதுபக்கம் ஒரு பெரிய மழைமரம். அதனடியில் புல் உயரமாக வளர்ந்திருந்தது.

"பந்து இந்தா இங்கனதான் கெடந்துச்சு. பக்கத்துல ஒரு சருகு. ஐயா குனிஞ்சு சருகை எடுத்தாவ, பந்து லேசா உருண்டுட்டு. பந்து அசஞ்சா ஒரு அடி தண்டம். ரெனால்ட் சார் அந்தக் கடைசில நின்னாரு, அவருக்குத் தெரியாது. ஐயா என்னயப் பாத்துச் சிரிச்சாவ. 'பாண்டி, ஒண்ணு கூடிப்போச்சு, கடைசில ஞாபகப்படுத்து'ன்னாவ. அதான் சார் ஆறு."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"பை தூக்குதவன்ட்ட யாரு சார் கணக்குக் கேக்கா? செத்த மனுசன் ஜெயிச்சுட்டாருன்னு எல்லாரும் அழுதாவ. நான் போயி இல்லன்னு சொல்லவா?" பிறகு மெதுவாக, "நீங்க கார்ட ஒத்துப் பாத்திருப்பியன்னு நெனச்சேன்," என்றார்.

வைத்தி கீழே பார்த்தார். பனி படிந்த புல்லில் காலடித் தடம் ஒன்று பதினோராவது குழிப் பக்கமிருந்து நேராக மழைமரத்தடிக்கு வந்திருந்தது. அவர்கள் வந்தது மறுபக்கமிருந்து. தடம் அந்த இடம்வரை வந்து நின்றுவிட்டது. அங்கிருந்து திரும்பிப் போன தடம் இல்லை.

கணேசபாண்டியனும் அதைப் பார்த்தார். நெற்றியில் கை வைத்து ஏதோ முணுமுணுத்தார். "போயிருவோம் சார்," என்றார். இருவரும் ஓடவில்லை, ஆனால் வரும்போது நடந்ததைவிட வேகமாக நடந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் வைத்தி மாட்டுங்காவுக்குப் போனார். பழைய கட்டிடம், மூன்றாவது மாடி. வந்தனா கதவைத் திறந்தாள். பாங்கில் வேலை பார்க்கிற, நாற்பது வயதுப் பெண். "வாங்கோ மாமா, உக்காருங்கோ. அப்பா உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது," என்றாள். ஹாலில் ஜெயராமின் படம், மாலையோடு. முன்னால் கோப்பை.

அவர் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்ல முடியாது என்று தெரிந்தது. ஆறு, ஐந்து, ஒல்லிக் கட்டம், கையெழுத்து எல்லாம் சொன்னார். கார்டுகள் வந்ததை மட்டும் சொல்லவில்லை. பைத்தியம் என்று நினைப்பாள்.

வந்தனா கோப்பையின் பக்கம் திரும்பினாள். "அப்பா பேரை அந்த போர்டுலேர்ந்து எடுத்துடுவாளா?" என்று கேட்டாள்.

"எடுத்துடுவா."

"ஏன் மாமா இப்படிப் பண்ணினேள்?" கோபமாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அழுகை வந்துவிட்டது. "எங்கப்பா பொய் சொல்லி ஜெயிச்சார்னு சொல்லமாட்டாளா?"

"சொல்லமாட்டா. பொய் சொன்னது நான்தான்னு எழுதிக் குடுத்துடறேன்," என்றார் வைத்தி. "அவர் ஜெயிக்கணும்னு இருந்தது, வந்தனா. அவ்வளவுதான். எனக்கு வேற யார் இருக்கா?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கோப்பையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே ஒரு பந்து கிடந்தது. அன்று ஜெயராம் ஆடிய பந்து. கணேசபாண்டியன் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து கொடுத்தாராம்.

"நான் யார்கிட்டயும் சொல்லலை," என்றாள் தணிந்த குரலில். "வேலைக்காரி கண்ணுல பட்டுடக்கூடாதுன்னு நானே துடைச்சு வெக்கறேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை கார்த்தாலயும் இந்தப் பந்து ஈரமா இருக்கு, மாமா. ஒட்டிண்டு புல்லு. மூணாவது மாடில ஏது புல்லு?"

வைத்தி பந்தைத் தொடவில்லை. இருவரும் படத்தைப் பார்த்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட படம்.

"எடுத்துண்டு போங்கோ," என்றாள் வந்தனா. "அவருக்கு இது வேண்டாம்போல இருக்கு."

கேப்டன் முதலில் நம்பவில்லை, பிறகு கத்தினார், பிறகு அமைதியாகிவிட்டார். கமிட்டி கூடியது. கையெழுத்தில்லாத கார்டு வெறும் காகிதம், ஆகவே ஜெயராமின் டிசம்பர் ஆட்டம் செல்லாது. முப்பத்தெட்டும் இல்லை, முப்பத்தேழும் இல்லை. கோப்பை ஃபர்ஸானாவுக்கு. தங்க எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேல் அவள் பெயரை எழுதினார்கள். ஜெயராமின் இருபதிலிருந்து அந்த ஆட்டம் விலகியதும், வெளியே போயிருந்த பழைய ஆட்டம் ஒன்று தானாக உள்ளே வந்து உட்கார்ந்தது. ஹேண்டிகேப் மறுபடி இருபத்து நாலு.

வைத்திக்குப் பாராட்டு விழா கிடையாது. மார்ச்சு வரை இருக்கவும் வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து புது ஆளிடம் சாவியை ஒப்படைத்தால் போதும் என்றார்கள். போகிற வழியில் தெரிந்த மெம்பர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். பச்சை மசிப் பேனாவை யாரோ மேஜையிலிருந்து ஏற்கனவே எடுத்துவிட்டிருந்தார்கள். அது வலித்தது, ரொம்பவே வலித்தது.

புது ஆள் வர ஒன்பது மணி ஆகும். வைத்தி ஐந்தரைக்கே வந்து நாற்காலியைப் போட்டார். வெளுத்தது. பனி நின்றது. காக்கை கத்தியது. டொக் என்ற சத்தம் வரவில்லை. சிமெண்டுத் தரையில் நடை வரவில்லை. முதல் ஜோடி ஆறரைக்குச் சிரித்துப் பேசிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். அவர் பூணூலிலிருந்து சாவியை அவிழ்த்துப் பெட்டியைத் திறந்தார்.

ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் கைவிட்டு மூலை மூலையாகத் தடவினார். காய்ந்த பலகைதான் கையில் பட்டது. உள்ளே ஓடி இழுப்பறையைத் திறந்தார். கார்டுகள் உலர்ந்து, ஓரங்கள் சுருண்டு கிடந்தன. புல் வாசனை போய்விட்டிருந்தது. எட்டு வாரமாக எந்தக் கார்டைக் கண்டு நடுங்கினாரோ, அது வரவில்லை என்றதும் அவருக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை.

அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஜன்னல் திறந்திருந்தது. ஒரு முகம் வந்து நிற்கிற உயரத்தில் வெளியே பனி நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. வைத்தி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"முப்பத்தேழு, சார்."